மேடையில் பதினோரு நாற்காலி

"எவனோ ஒருத்தன் நம்ம மாநாட்டைக் குட்டிச்சுவராக்கிட்டான், டீச்சர். ஆள் யாருன்னு மட்டும் சொல்லுங்க, மிச்சத்தை நான் பார்த்துக்கிடுதேன்."

மேடைக்குப் பக்கவாட்டில் நின்று பல்லைக் கடித்தார் பழைய இரும்புக்கடை கடற்கரையாண்டி.

நாற்பத்தைந்து வயதில் மாலைப் பள்ளியில் சேர்ந்து எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றவர் அவர். பகலெல்லாம் உழைக்கிறவர்கள் படிக்கிற பள்ளி. ஆண்டுக்கொருமுறை அவர்களே மாநாடு நடத்துவார்கள். அவரவர் தொழிலைப் பற்றித் தாமே எழுதியதை மேடையேறி வாசிப்பார்கள். இந்த முறை ஏற்பாடு மொத்தமும் கடற்கரையாண்டி தலையில்.

தவமணி டீச்சர் அவரைவிடப் பத்து வயது இளையவர். மேடையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"அப்படி என்ன கெட்டுப்போச்சு?"

"நாலு நாற்காலி போடச் சொன்னீங்க. இப்பப் பாருங்க, பதினொண்ணு. ஏறினவன் எவனும் இறங்க மாட்டேங்கான். மணி பன்னிரண்டரை. நம்ம ஆளு ஒருத்தர்கூட இன்னும் வாசிக்கலை."

மைக்கில் ஒருவர் அப்போதுதான் தொண்டையைச் செருமினார். மேடையில் வீற்றிருக்கும் மதிப்பிற்குரிய, பெருமதிப்பிற்குரிய, என்றும் என் பாசத்திற்குரிய. ஒவ்வொரு பெயராக வந்தது. முன்னால் பேசியவரும் இதே பெயர்களைச் சொல்லித்தான் தொடங்கினார். அவருக்கு முன்னால் பேசியவரும்.

முன்வரிசையில் மாரிசெல்வி. தீப்பெட்டி ஆலையில் குச்சி அடுக்குகிறவள். மடியில் நாலு பக்கக் கட்டுரை. கெஞ்சிக் கூத்தாடி அரைநாள் லீவு வாங்கியிருந்தாள். ஒரு மணிக்கு ஆலை வேன் வரும். விட்டால் வேலை போய்விடும்.

"முதல்ல அவளுக்கு ஒரு வழி பண்ணுங்க" என்றார் டீச்சர்.

கடற்கரையாண்டி போய் அவள் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தார்.

"தாயி, ரெண்டே நிமிஷத்தில் முடிச்சிருவியா?"

"சரி, அண்ணாச்சி."

இத்தனை சுலபமாக ஒரு பேரம் அவருக்கு என்றைக்கும் படிந்ததில்லை. அது என்னவோ அவருக்குப் பிடிக்கவில்லை.

அவள் தாள்களை நீட்டினாள். "எதை விடட்டும்னு நீங்களே சொல்லுங்க. தூங்கும்போதும் என் கை குச்சி அடுக்கிக்கிட்டே இருக்கும்னு எழுதியிருக்கேன். அதை விட்டிரவா?"

அவர் எழுந்து வந்துவிட்டார். முகம் கறுத்திருந்தது.

"டீச்சர், அந்த ஆள் கையிலருந்து மைக்கைப் பிடுங்கிரவா?"

"யார் அவர்?"

"மண்டபத்துக்காரர்."

"மேடைக்கு எப்படி வந்தார்?"

"வாடகையைப் பாதியாக் குறைச்சாருல்லா? ஒரு நாற்காலி, ஒரு பொன்னாடை, ரெண்டு வார்த்தை பேசுங்கன்னேன். அதுக்கே மனுஷன் குளிர்ந்துட்டார்."

"பக்கத்தில்?"

"சமையல்காரர். பாயசத்தைச் சும்மா தாரேன்னார்."

"அந்தக் கறுப்புக் கண்ணாடி?"

"மைக்செட்டுக்காரரோட மச்சான்."

"அவர் எதைக் குறைச்சார்?"

"அவர் ஒண்ணும் குறைக்கலை. மச்சான் குறைச்சார்."

டீச்சர் சிரிக்கவில்லை.

"நல்ல பேரந்தான், அண்ணாச்சி. இத்தனைக்கும் உங்க கையை விட்டு என்ன போச்சு?"

"என் கையை விட்டா? ஒரு துரும்பு போகலையே! நம்மகிட்டயா..."

பாதியில் நிறுத்திவிட்டு முன்வரிசையைப் பார்த்தார்.

முன்வரிசையில் மாரிசெல்வி இரண்டு தாள்களைத் தனியே எடுத்தாள். மடித்தாள். சாப்பாட்டுப் பைக்குள் வைத்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

மைக்கில் அறிவிப்பு வந்தது.

"அடுத்து, தலைமையுரை. தவமணி டீச்சர் அவர்கள்!"

டீச்சர் மேடையேறினார். மைக் பக்கம் போகவில்லை. விரித்துக் காத்திருந்த பொன்னாடைக்குக் குனியவில்லை. தனக்கென்று போட்டிருந்த நாற்காலியைத் தூக்கினார். அதைச் சுமந்துகொண்டு படியிறங்கினார்.

கடற்கரையாண்டியின் முன்னால் நாற்காலியை நங்கென்று வைத்தார்.

"இது என்னுது. இன்னும் பத்து அங்கே இருக்கு."

"டீச்சர், வாக்குக் கொடுத்துட்டேனே. வீடு தேடிப் போய் அழைச்சவங்க. இப்ப எந்த முகத்தை வச்சுக்கிட்டு இறங்கச் சொல்லுவேன்?"

"கொடுக்கும்போது இருந்த அதே முகத்தோட போங்க."

மேடையில் பத்துப் பேரும் கடற்கரையாண்டியையே பார்த்தார்கள்.

"நாலு பக்கத்தையும் வாசிச்ச பிறகுதான் அவ வேன் ஏறணும், அண்ணாச்சி" என்றார் டீச்சர். "அவ நேரத்தைப் பேரம் பேசிக் கொடுத்த ஆள் நீங்க. இப்பவே மேலே போய் அத்தனையையும் திருப்பி வாங்குங்க!"