ஊருணித் தண்ணீர் மட்டும்

"டீச்சர், என் ஊருணியை நானே கொன்னுட்டேன்," என்றார் முத்திருளன்.

செசிலி டீச்சர் நிமிரவில்லை. வரிசையாக நின்ற கண்ணாடிக் குடுவைகளில் நீர்த்தெள்ளுகளுக்குப் பாசி ஊற்றிக்கொண்டிருந்தார். கடுகளவுகூட இல்லாத பிராணிகள். ஒரு தண்ணீர் நல்லதா கெட்டதா என்பதை டீச்சர் அவற்றைக் கேட்டுத்தான் சொல்வார்.

போன மாதம் முத்திருளன் கொண்டுவந்த தண்ணீரில் அவை ஒரு குஞ்சுகூடப் போடவில்லை.

"கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் துகளா இருக்கும். பாசின்னு நெனச்சு விழுங்கி, வயிறு அடைச்சுக்கிடும். எதுக்கும் இன்னொரு தடவை..."

அன்று டீச்சர் இதைச் சொல்லி முடிப்பதற்குள் முத்திருளன் அச்சகத்தில் நின்றார். 'ஊருணி செத்தது!' ஆயிரம் நோட்டீஸ்.

"இப்ப அதே நோட்டீஸை ஆட்டிக்கிட்டு பஞ்சாயத்து பிரசிடெண்டு கேக்குறான். செத்த ஊருணி எதுக்கு, மண்ணைப் போட்டு மூடிக் கடை கட்டலாமேன்னு. வர்ற கிராமசபையில தீர்மானம். நாப்பது வருஷம் காத்த ஊருணி, டீச்சர்."

"தண்ணியை எதுல கொண்டுவந்தீங்க, தோழர்?"

முத்திருளன் ஜோல்னாப் பையிலிருந்து பிளாஸ்டிக் பாட்டிலை எடுத்தார். குரலில் பெருமை ஏறியது.

"இதுலதான். பதினோரு வருஷமா என்கூட வருது. மறியல், ஜெயில் வாசல், உண்ணாவிரதம், எல்லாம் பாத்திருக்கு."

"வெயிலும் பாத்திருக்கு."

டீச்சர் பாட்டிலின் உட்கழுத்தை விரலால் தேய்த்தார். விரலை நீட்டினார்.

வெள்ளை மாவு, பாட்டில் உதிர்த்த பிளாஸ்டிக்.

முத்திருளன் பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இந்தத் தடவை ஊருணித் தண்ணியை மட்டும் கொண்டுவாங்க."

மறுநாள் பித்தளைச் சொம்பில் வந்தது தண்ணீர்.

அதன்பின் தினமும் வந்து குடுவையின் முன் உட்கார்ந்தார். மந்திரிகளையே காக்கவைத்த மனிதர், ஒரு தெள்ளுக்காகக் காத்துக் கிடந்தார்.

ஒன்பதாம் நாள் காலை, டீச்சர் லென்ஸை அவர் பக்கம் தள்ளினார்.

கண்ணாடி போன்ற உடம்புக்குள் இதயம் படபடத்தது. தெள்ளைச் சுற்றித் தூசி தூசியாகக் குஞ்சுகள், துள்ளிக்கொண்டு.

முத்திருளன் துண்டால் முகத்தைத் துடைத்தார். ஒரு மாதத்துக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

"உசுரோட இருக்கு, டீச்சர்!"

"இருக்கு."

"ஊருக்குச் சொல்லணும். இன்னைக்கே நோட்டீஸ்..."

சிரிப்பு பாதியில் நின்றது. இத்தனை வருடத்தில் அவர் அடுத்தவனிடம்தான் மறுப்பு எழுதி வாங்கியிருக்கிறார்.

"முத்திருளன் சொன்னது தப்புன்னு, முத்திருளனே போடணுமா?"

டீச்சர் அடுத்த குடுவைக்கு நகர்ந்தார்.

"கொட்டை எழுத்துல போடுங்க."