பூச்சாண்டிக்கு ஒரு தட்டு

ஒரு ஊர்ல ஒரு ஃப்ரிட்ஜ் இருந்துச்சாம்.

என்ன சிரிப்பு? ராஜா கதை வேணும்னா உங்க அப்பாகிட்ட போய்க் கேளு, அவன் சொல்லச் சொல்ல அவனே தூங்கிடுவான். இது அத்தை சொல்ற கதை. நீ ம் கொட்டிக்கிட்டே வரணும். கொட்டலேன்னா அங்கேயே நிறுத்திடுவேன், அப்புறம் விடிய விடிய முழிச்சுக்கிட்டு கிடக்க வேண்டியதுதான். சரியா?

"ம்."

அது கிழட்டு ஃப்ரிட்ஜ். பவழம்னு ஒரு பொண்ணு, அவ வீட்டு அடுப்படி மூலையில நின்னுக்கிட்டு இருந்துச்சு. பகல்ல தெருச் சத்தத்துல அது இருக்கிறதே தெரியாது. பொழுது சாஞ்சு, ஊர் அடங்கி, எல்லாரும் சாப்பிட உக்காந்தாங்கன்னா போதும், "கொர்ர்ர்... கொர்ர்ர்..."னு ஆரம்பிச்சுடும்.

பவழத்துக்கு ஒரு தம்பி. உன்னை விடச் சின்னவன், எல்.கே.ஜி. பேரு அமுதன். பேருதான் அமுதன், ராத்திரியானா ஒரு வாய் உள்ள இறங்காது. காலையில ஒழுங்கா சாப்பிடுவான், மத்தியானம் டப்பாவைத் துடைச்சு வச்சுடுவான். ராத்திரி மட்டும் தட்டைத் தள்ளிடுவான். அம்மாவும் கெஞ்சுவா, கொஞ்சுவா, கடைசியில கண்ணை உருட்டி, "ஒழுங்கா சாப்பிடுடா, இல்லேன்னா பூச்சாண்டிக்குக் குடுத்துடுவேன்!"னு மிரட்டுவா.

மத்த பிள்ளைங்கன்னா என்ன பண்ணும்? பயந்து போய் ஆ காட்டும். இவன் என்ன பண்ணுவான் தெரியுமா? "சரிம்மா"ன்னு சொல்லிட்டு எழுந்து போயிடுவான்!

அந்தத் தட்டைப் பாத்ததும் அம்மாவுக்கும் சோறு இறங்காது. "எனக்கும் பசிக்கல"ன்னு தன் தட்டையும் கவுத்து வச்சுடுவா. இப்படியே போய்ப் போய் அமுதனுக்குக் கன்னம் ஒட்டிப் போச்சு. டவுசர் இடுப்புல நிக்கல. டாக்டர் பாத்துட்டு, "ராத்திரிச் சாப்பாடு இல்லாம பிள்ளை இளைக்குது. இப்படியே விட்டா ஆஸ்பத்திரியில படுக்க வச்சு குளுகோஸ் ஏத்த வேண்டியிருக்கும்"னு சொல்லிட்டாரு. அம்மா குழாயைத் திறந்து விட்டுட்டு, சத்தம் கேக்காம அழுதா. பவழம் பாத்துட்டா.

பவழத்துக்கு ரோஷம் வந்துச்சு பாரு! "இன்னைக்கு ராத்திரி இவனை சாப்பிட வைக்கலேன்னா நான் இவனுக்கு அக்காவே இல்ல"ன்னு சொல்லிக்கிட்டா. ம் சொல்லு.

"ம்."

அப்போ அவளுக்கு ஒரு யோசனை வந்துச்சு. அமுதனுக்குப் பேய், பிசாசுன்னா உசுரு. பேய்ப் படம் வரையச் சொன்னா நாள் முழுக்க வரைவான். அப்போ சாப்பாட்டையே பேயாக்கிட்டா? அப்பாகிட்ட ஓடினா. "அப்பா, இன்னைக்கு நாம பேய் பாஸ்தா பண்றோம்!"

பாஸ்தா தெரியுமில்ல? நம்ம சேமியாவோட ஒண்ணுவிட்ட அண்ணன். அதுல நீளமா, விளக்குமாத்துக் குச்சி மாதிரி இருக்குமே, அந்த பாக்கெட்டை அப்பா வாங்கிட்டு வந்தாரு. பெரிய குண்டான் நிறைய தண்ணி வச்சு, உப்பைப் போட்டாங்க. தண்ணி தளதளதளன்னு கொதிச்சுது.

அப்பா கேட்டாரு, "பாத்திரத்துக்குள்ள அடங்காதே, நாலா ஒடிச்சுப் போடட்டா?"

"ஐயோ அப்பா! முடி வெட்டிக்கிட்ட பேயை நீங்க பாத்திருக்கீங்களா? முழுசாப் போடுங்க!"

முழுசாவே போட்டாரு. விறைச்சுக்கிட்டு நின்ன குச்சியெல்லாம் மெல்ல மெல்ல வளைஞ்சு, சொளுக்குனு தண்ணிக்குள்ள போச்சு. அப்புறம் ரத்தம் வேணுமே? பீட்ரூட்டு, தக்காளி, பூண்டு, ரெண்டு காஞ்ச மொளகா, எல்லாத்தையும் வேக வச்சு மிக்சியில போட்டாங்க. அப்பாவுக்கு ஒரே உற்சாகம், மூடியைச் சரியா அழுத்தாம சுவிட்சைத் தட்டிட்டாரு. கிர்ர்ர்ர்ர்... பளார்!

சுவர்ல ரத்தம், சீலிங்ல ரத்தம், அப்பாவோட வெள்ளை பனியன் பூரா ரத்தம்! அந்த நேரம் பாத்து வேலைக்குப் போன அம்மா கதவைத் திறந்து உள்ள வந்தா. "ஐயய்யோ!"ன்னு அலறின அலறல்ல, எதிர்வீட்டுக்காரங்க வெளியில வந்துட்டாங்க.

"ஒண்ணும் இல்லீங்க, பீட்ரூட்டு"ன்னு அப்பா எட்டிப் பாத்துச் சொன்னாரு. அவரு நின்ன கோலத்துக்கு அவங்க அதை நம்பினாங்களா என்னவோ.

இதுல அமுதன் எங்கேங்கிறியா? கூடத்துல குதிச்சுக்கிட்டு இருந்தான். "அக்கா, வந்துட்டேன், வந்துட்டேன்"னு அடுப்படி வாசலுக்கு வர்றதும், பவழம், "இன்னும் பேய் வேகல, போடா!"ன்னு விரட்டுறதுமா இருந்துச்சு.

அப்புறம் எல்லாரும் சுத்தி உக்காந்தாங்க. பவழம் தலைமுடியை முன்னாடி விரிச்சுப் போட்டுக்கிட்டு, "ஹூம்ம்ம்..."னு குரலை இழுத்துக்கிட்டு, முதல் தட்டைக் கொண்டு வந்தா. செக்கச்செவேல்னு பாஸ்தா. "இதோ... ரத்தக்காட்டேரியோட தலைமுடி!"

"ஹையா!"ன்னு அமுதன் கை தட்டினான். ஒரு முடியைப் பிடிச்சுத் தூக்கினான், அது வழுக்கிக்கிட்டு சொத்துனு விழுந்துச்சு. மோந்து பாத்தான். எச்சில் முழுங்கினான். எல்லாரும் மூச்சு விடாம பாக்கிறாங்க... தட்டைத் தள்ளிட்டான். "எனக்கு வேணாம்க்கா."

பவழம் விடுவாளா? உள்ள ஓடினா. அப்புறம் ரெண்டாவது வந்துச்சு, கண்ணு! குட்டிக் குட்டி இட்லி ஊத்தி, ஒவ்வொண்ணு நடுவுலயும் ஒரு மொளகு பதிச்சு வச்சிருந்தா. தலைமுடிக்கு நடுவுல அதை வச்சதும், உருட்டி உருட்டி முழிச்சுது. அமுதன் குனிஞ்சு அதையே முறைச்சுப் பாத்தான். "அக்கா, இது என்னைப் பாக்குதுக்கா!" விழுந்து விழுந்து சிரிச்சான். சிரிச்சு முடிச்சுட்டு... தள்ளிட்டான்.

ம்?

"ம்... அத்தை, அவன் ஏன் சாப்பிடல?"

இரு, வர்றேன். மூணாவதா பல்லு. தேங்காயைப் பல்லு பல்லா கீறி, கண்ணுக்குக் கீழ வரிசையா சொருகினா. இப்போ தட்டுல ஒரு முழுப் பேயே படுத்துக்கிட்டு ஈன்னு இளிக்குது. அமுதனால தாங்க முடியல. ஒரு பல்லைப் பிடுங்கி உதடு வரைக்கும் கொண்டு போனான். அம்மா அப்பாவோட கையைப் பிடிச்சுக்கிட்டா. உதட்டுல பட்டுது... அப்போ அடுப்படியிலேருந்து, "கொர்ர்ர்ர்..."

அமுதன் பல்லை எடுத்தது எடுத்தபடியே மறுபடியும் சொருகி வச்சுட்டான்.

பவழத்துக்கு அழுகையும் கோவமும் பொத்துக்கிட்டு வந்துச்சு. "ஏன்டா இப்படிப் பண்றே? உனக்குப் பசிக்கவே பசிக்காதா?"

"பசிக்குதுக்கா"ன்னான் அமுதன், குரலைத் தாழ்த்தி. "ஆனா நான் சாப்பிட்டுட்டா அவனுக்கு இருக்காதே."

"எவனுக்குடா?"

"பூச்சாண்டிக்கு. ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி இருக்கான். வயிறு கத்துது பாரு, உனக்குக் கேக்கல? பாவம்க்கா. நான் சாப்பிடலேன்னா அவனுக்குக் குடுத்துடுவேன்னு அம்மாதான் தினமும் சொல்றாங்க."

கேட்டியா கூத்தை! "பூச்சாண்டிக்குக் குடுத்துடுவேன்." எதைக் குடுப்பேன்னு அம்மா ஒரு நாளாவது சொன்னாளா? உன்னைக் குடுத்துடுவேன்னு அவ நினைச்சுக்கிட்டு மிரட்டினா. சோத்தைக் குடுத்துடுவாங்கன்னு இவன் கேட்டுக்கிட்டான். வீட்டுல இருக்கிற பெரிய மனுஷங்க யாருக்கும் இது உறைக்கல. இந்தச் சுண்டைக்காய்ப் பயல் ஒரு பூச்சாண்டிக்காகத் தினமும் பட்டினி கிடந்திருக்கான்!

அம்மா அவனை அள்ளி மடியில போட்டுக்கிட்டா. "என் வாயில வசம்பை வச்சுத் தேய்க்க"ன்னு அழுதா, சிரிச்சா, மறுபடியும் அழுதா. பூச்சாண்டியே கிடையாதுடான்னு அப்பா சொல்ல வாயைத் திறந்தாரு. பவழம் அவரு தொடையில நறுக்குனு கிள்ளினா.

"அமுதா, அதுக்கென்ன? அவனுக்குத் தனியா ஒரு தட்டு வச்சுட்டா?"

அமுதன் கண்ணு விரிஞ்சுது. "நிஜமாவா?"

அப்போ பெரிய தட்டா ஒண்ணு எடுத்தாங்க. முடி, கண்ணு, பல்லு எல்லாத்தையும் அமுதனே பாத்துப் பாத்து வச்சான். "இன்னும் ரெண்டு கண்ணு குடுங்கப்பா, அவன் பெரியவன்." ஃப்ரிட்ஜைத் திறந்து, தட்டை உள்ள வச்சு, கதவைச் சாத்தினாங்க.

"கொர்ர்ர்..."

"சரி, இப்போ நீ சாப்பிடு"ன்னா அம்மா.

"விருந்தாளி முதல்ல சாப்பிடட்டும்மா. அவனுக்கு இன்னும் பசி அடங்கலையே."

அம்மா அப்பாவைப் பாத்தா, அப்பா பவழத்தைப் பாத்தாரு, பவழம் ஃப்ரிட்ஜைப் பாத்தா. அந்தக் கிழட்டு ஃப்ரிட்ஜ் நிறுத்துமா? கொர்ர்ர், கொர்ர்ர், கொர்ர்ர். பவழம் மனசுக்குள்ள, "நிறுத்தித் தொலையேன், நிறுத்தித் தொலையேன்"னு கெஞ்சினா. அப்போ...

டப்!

கரண்ட் போயிடுச்சு! ஊரே கும்மிருட்டு. ஃபேன் நின்னுச்சு. ஃப்ரிட்ஜும் ஒரு உலுக்கு உலுக்கிட்டு கப்சிப்னு அடங்கிடுச்சு. அந்த இருட்டுல ஒரு சத்தம்.

சர்ர்ர்ர்ர்... சர்ர்ர்ர்... நறுக் நறுக் நறுக்.

"யா... யாருங்க அது?"ன்னா அம்மா. அப்பா தடவித் தடவி ஃபோனை எடுத்து டார்ச்சை அடிச்சாரு. அங்கே பாத்தா... வாயெல்லாம் ரத்தம், மோவாயெல்லாம் ரத்தம், வாயிலேருந்து நீளமா முடி தொங்குது, கடவாயில பல்லு!

அமுதன்!

"அவனுக்கு வயிறு ரொம்பிடுச்சுக்கா, சத்தம் நின்னுடுச்சு! எனக்கு இன்னும் கண்ணு வேணும்!"

குண்டானை வழிச்சு வழிச்சுப் போட்டாங்க. பவழம் சாப்பிட்டா, அப்பா சாப்பிட்டாரு, அமுதன் இன்னொரு தட்டு சாப்பிட்டான். டார்ச் வெளிச்சத்துல அம்மா பரிமாறிக்கிட்டே இருந்தா. அவளுக்குன்னு ஒண்ணும் மிஞ்சல. "அவன் சாப்பிட்டதே எனக்கு வயிறு ரொம்பின மாதிரி இருக்கு"ன்னுட்டா.

தூங்கிட்டியா?

"ம்ஹூம்... தட்டு என்னாச்சு?"

அதுக்குத்தான் வர்றேன். காலையில அமுதன் கண்ணைக் கசக்கிக்கிட்டே ஓடிப் போய் ஃப்ரிட்ஜைத் திறந்தான். தட்டு காலி! ஒரு பல்லு கூட மிச்சமில்ல. "சாப்பிட்டுட்டான், சாப்பிட்டுட்டான்!"னு வீடு பூரா ஆடினான். பவழம் அப்பாவைப் பாத்தா, அவரு 'நான் இல்ல'ன்னு தலையை ஆட்டி உதட்டைப் பிதுக்கினாரு. அப்புறம் அடுப்படிக்குப் போனா. அம்மா முதுகைக் காட்டிக்கிட்டு தோசை ஊத்திக்கிட்டு இருந்தா. "அம்மா"ன்னதும் திரும்பினா.

உதட்டோரத்துல செக்கச்செவேல்னு பீட்ரூட்டு.

எத்தனை ராத்திரி தட்டைக் கவுத்து வச்சா அவ! வீட்டுல நிஜமாவே ஒரு பசிச்ச ஜீவன் இருந்திருக்கு, ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி இல்ல, முன்னாடி. பவழத்துக்குத் தம்பி வர்ற சத்தம் கேட்டுச்சு. சட்டுனு தன் பாவாடை நுனியால அம்மா உதட்டைத் துடைச்சு விட்டா. "மாவு ஒட்டியிருக்கும்மா"ன்னு சொன்னா. அம்மா அவளை இழுத்து நெத்தியில ஒரு முத்தம் குடுத்தா.

அன்னையிலேருந்து அந்த வீட்டுல ராத்திரி எல்லாரும் ஒண்ணா உக்காந்துதான் சாப்பாடு. அம்மா தட்டுல சோறு விழுந்தாதான் பவழம் கை வைப்பா.

பூச்சாண்டி சாப்பிட்டாச்சு, அமுதன் சாப்பிட்டாச்சு, அம்மாவும் சாப்பிட்டாச்சு. கதைக்கும் வயிறு ரொம்பிடுச்சு. கொர்ர்ர்னு கேக்குதே, அது உங்க மாமா விடுற குறட்டை. நீ கண்ணை மூடு.

"..."

ம் கூட இல்ல. தூங்கிட்டா.