நாலு மாப்பிள்ளைகளும் ஒரு நாற்சந்தியும்

வெண்மணிக்கோட்டையை ஆண்ட செங்கமலராயருக்கு ஒரே ஒரு பலவீனம். மாப்பிள்ளைகள் எதைக் கேட்டாலும் 'இல்லை' என்று சொல்ல வராது. மாப்பிள்ளைகளோ நாலு பேர்!

ராஜவீதிக்குக் குறுக்கே ஒரு புதுத் தெரு போடுவதென்று முடிவானது. சந்திப்பில் நாலு மூலை, ஆளுக்கொரு மனை. ஆனால் நால்வரும் தனித்தனியாக வந்து, "என் மூலைதான் உசத்தியாக இருக்கணும் மாமா" என்று நச்சரித்தார்கள். ராயரும் தனித்தனியாக நாலு ஓலை எழுதி முத்திரை வைத்துக் கொடுத்துவிட்டார்: 'உம்முடைய மூலையைவிட விரிந்த மூலை அங்கே யாருக்கும் இராது.'

தெருவுக்கு முளை அடித்தவர் தளவாய் ஆவுடையப்பர். தெரு தன் மாந்தோப்பு வாசலுக்குப் போகட்டும் என்று சாய்த்து அடித்தார். எதிரெதிர் மூலைகள் இரண்டு பரந்து விரிந்தன. மற்ற இரண்டும் கத்தரிக்கோல் வாய்போலக் குறுகின. மறுநாளே ராயரின் மகள்கள் இருவர் பெட்டியும் கண்ணீருமாகப் பிறந்த வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

"மாற்றி அடியும்!" என்றார் ராயர்.

தளவாய் முளைகளைப் பிடுங்கி மறுபக்கம் சாய்த்து அடித்தார். வந்த இருவர் திரும்பிப் போனார்கள். மற்ற இருவர் பெட்டியோடு வந்தார்கள்.

ராயருக்குத் தலை சுற்றியது. தளவாய்க்கு அவைப்புலவர் மருதப்பனைக் கண்டால் ஆகாது. "வாய் கிழியப் பேசுகிறாரே, இவர் செய்யட்டும். முடியாவிட்டால் நாட்டைவிட்டுப் போகட்டும்" என்று மன்னரிடம் மாட்டிவிட்டார்.

மருதப்பன் நாலு ஓலைகளையும் வாங்கி இரண்டு முறை படித்தார். பிறகு தச்சரிடம் செங்கோணம் பார்க்கும் மூலைமட்டம் ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு சந்திப்புக்குப் போனார். ராஜவீதியின் ஓரத்தில் மட்டத்தை வைத்து, சாய்வே இல்லாமல் செங்குத்தாகக் கயிறு கட்டி முளை அடித்தார்.

மாப்பிள்ளைகள் வந்தார்கள். மூத்தவர் அதட்டினார்: "புலவரே, என்னுடையதைவிட விரிந்த மூலை யாருக்காவது இருக்கிறதா?"

"அளந்து பாருங்கள். ஒருவருக்கும் கிடையாது."

அளந்தார். கிடையாது! மீசையை முறுக்கிக்கொண்டு போனார். மற்ற மூவரும் அதையே கேட்டு, அதையே அளந்து, அப்படியே மீசையை முறுக்கினார்கள்.

"மோசடி!" என்று தளவாய் துள்ளினார். "நாலும் ஒரே அளவு!"

"மன்னர் 'உம்முடையதுதான் பெரிது' என்று எழுதவில்லையே. 'உம்முடையதைவிடப் பெரிது இராது' என்றுதானே எழுதினார்? எங்காவது இருந்தால் காட்டுங்கள்."

தளவாய் நடையைக் கட்டினார். மகள்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு புருஷன் வீட்டுக்குக் கிளம்பினார்கள். ராயர் வயிறு குலுங்கச் சிரித்து, தம் முத்துமாலையைக் கழற்றி மருதப்பன் கழுத்தில் போட்டார். பிறகு மெல்லக் குனிந்து காதோடு கேட்டார்:

"கடைக்குட்டிக்கு வரன் பார்க்கிறோம், புலவரே. ஐந்தாவது மாப்பிள்ளைக்கு எந்த மூலையைக் கொடுப்பது?"

"இரண்டு தெரு வெட்டிக்கொண்டால் நாலு மூலைதான் வரும், மன்னா. அவரை வீட்டோடு மாப்பிள்ளையாகப் பார்த்துவிடுங்கள்!"