அதிகாரி பெயர் பொறித்த கல்

ஆய்வு அதிகாரி தணிகாசலம் என்றால் பள்ளிக்கூடமே கைகட்டி நிற்கும். பல வருஷம் கழித்து அன்று ஆய்வகத்துக்குள் நுழைந்தவர், "பாறை எப்படி மண்ணாகுதுன்னு இப்பவே என் கண்ணுக்கு முன்னால காட்டணும். இல்லேன்னா அறிவியல் பிரிவையே மூடிடுவேன்" என்றார்.

"ஐயா, அதுக்கு எத்தனையோ காலமாகுமே!" ஆசிரியர் கெஞ்சினார்.

தரை கூட்டிக்கொண்டிருந்த பேச்சியம்மாள், "வாங்கய்யா, நான் காட்டுறேன்" என்று வாசலுக்கு அழைத்துப்போய், சுவரில் தழைத்திருந்த அரசங்கன்றை விலக்கினாள். அதன் பின்னால், ஆய்வகத்தை அதிகாரி திறந்துவைத்த அன்று பதித்த கல்வெட்டு. வேர் புகுந்து அவர் பெயரை இரண்டாகப் பிளந்திருந்தது. விரிசலில் கல் பொடிப்பொடியாக உதிர்ந்தது.

"வேர் பிளக்கும், மழை கரைக்கும், பாறை மண்ணாகும்!" பிள்ளைகள் கத்தினார்கள்.

"நீங்க அன்னிக்குத் திறந்துவெச்சிட்டுப் போனவங்கதான்யா. இந்த வேர் மட்டும் தினமும் வேலைக்கு வந்துச்சு" என்றாள் பேச்சியம்மாள்.

மறுவாரமே அதிகாரி அனுப்பிய நுண்ணோக்கி ஆய்வகத்துக்கு வந்தது. புதுக் கல்வெட்டு மட்டும் வேண்டாமென்று அவரே சொல்லிவிட்டார்.