கரியை விட மாட்டேன்னு அடம்பிடிச்ச குழாய்

கொடைக்கானல் மலையில ஒரு வீடு. அந்த வீட்டுல குளிர் காய ஒரு இரும்படுப்பு. அடுப்புக்கு மேல, கூரையத் தாண்டி நிக்கிற ஒரு தகரக் குழாய். புகைய வெளிய அனுப்புறதுதான் அதோட வேலை.

அந்த வருசம் வீட்டுக்காரர் இன்னாசிக்குப் பொறுமையே இல்ல. விறகைக் காய வைக்காம ஈரத்தோடயே போட்டு எரிச்சாரு. கரி குழாய்க்குள்ள தார் மாதிரி அப்பிக்கிச்சு. குளிர் முடியறதுக்குள்ள புகைக்கு மேல போக வழியில்ல. வீட்டுக்குள்ளயே விருந்தாளி மாதிரி உக்காந்துக்கிச்சு.

"ரெஜினா, இந்தக் குழாய் ஒண்ணுத்துக்கும் ஆகாது. கழட்டி பழைய இரும்புக் கடையில போட்டுடுறேன்"னாரு இன்னாசி.

"ஏங்க, பச்சை விறகைப் போட்டுட்டுக் குழாயத் திட்டுறீங்களா? ஒரு தடவ சுத்தம் பண்ணிப் பாப்போம். அப்பவும் புகைஞ்சா நானே தூக்கிக் குடுக்கிறேன்"னா அவர் பொஞ்சாதி.

இதக் கேட்டுக் குழாய் நடுங்கிப் போச்சு. உள்ள இருந்த கரி மட்டும் அசரல.

"பயப்படாதப்பா. உன்னத் தாங்கிப் பிடிக்கிறதே நான்தான். என்னச் சொரண்டிட்டா நீ யாரு? வெறும் ஓட்டை!"

"அய்யய்யோ, நீ போயிடாத!"ன்னு குழாய் கரிய இறுக்கிக் கட்டிக்கிச்சு.

இன்னாசி கூரை மேல ஏறுனாரு. கயித்து நுனியில ஒரு கல்லு, அதுக்கு மேல முள்ளுக்கம்பி சுத்துன சாக்கு உருண்டை. கல்லக் குழாய்க்குள்ள விட்டாரு. கீழ அடுப்பு வாயில ரெஜினா கல்லப் புடிச்சு இழுத்தா.

"வராத! எங்கிட்ட இருக்கிறது இது ஒண்ணுதான்!"ன்னு குழாய் கத்துச்சு.

சாக்கு சிரிச்சுது. "ஏண்டா, உன்னக் கரி சேத்து வைக்கவா வாங்குனாங்க? அதுக்கு ஒரு டப்பா போதுமே!"

"கரி போயிட்டா நான் வெறும் ஓட்டைடா!"

"ஓட்டையா இருக்கத்தாண்டா உனக்கு வேலையே! ஓட்டை இல்லாத குழாய்க்கு என்ன பேரு தெரியுமா? உலக்கை!"

"அவன் பேச்சக் கேக்காத, எத்தன நாள் பழக்கம் நம்மளோடது!"ன்னு கரி கெஞ்சுச்சு.

"நல்ல பழக்கம்தான். அந்தப் பழக்கத்துலதான் இவன் இரும்புக் கடைக்குப் போகப் பாத்தான்"னு சொல்லிட்டுச் சாக்கு ஒரே தள்ளாத் தள்ளுச்சு.

தொப்புன்னு கரி மொத்தமும் ரெஜினா மூஞ்சில விழுந்துச்சு. அடுப்பு வாய ஈரத் துணியால மூடிக்கன்னு சொல்ல இன்னாசி மறந்துட்டாரு.

மேலருந்து எட்டிப் பாத்தவரு, "யாரும்மா நீ? எம் பொஞ்சாதியப் பாத்தியா?"ன்னாரு.

"இறங்கி வாங்க, காட்டுறேன்!"

முகத்தக் கூடக் கழுவாம ரெஜினா கரிய வாளியில அள்ளிப் போட்டுட்டு, காஞ்ச சுள்ளிய வச்சுப் பத்த வச்சா. புகை எழும்புச்சு. பழக்கதோசத்துல வீட்டுப் பக்கம் ஒரு தடவ திரும்பிப் பாத்துச்சு. அப்புறம் சர்ருன்னு மேல ஏறி, கூரையில நின்ன இன்னாசி மூஞ்சிலயே அடிச்சுது.

"போகுது ரெஜினா, போகுது!"ன்னு இருமிக்கிட்டே கத்துனாரு அவரு.

"அப்ப குழாய் இங்கயே இருக்கட்டும்!"

வாளிக்குள்ள கிடந்த கரி கூப்புட்டுச்சு, "டேய், நான் இல்லாம எப்படிடா இருக்க?"

குழாய்க்கு அதக் கேக்க நேரமில்ல. மூச்சு விட்டுக்கிட்டு இருந்துச்சு.