மரங்கொத்தி கேட்ட ஒரே கேள்வி

குன்றை ஒட்டிய காட்டில் ஒரு மரங்கொத்தி இருந்தது. அதற்கு அலகுதான் எல்லாம். அலகு இருந்தால் புழு எடுக்கலாம், பொந்து குடையலாம். அலகு போனால் பட்டினிதான்.

ஒருநாள் நரி பாறைமேல் ஏறி நின்று கூவியது. "நோய்நொடி சொல்லிவிட்டா வரும்? என்னிடம் சேருங்கள்! தினம் ஒரே ஒரு நாவல்பழம் கொடுத்தால் போதும். கொம்பு முதல் குளம்பு வரை எதுவானாலும் குன்றுக்கு அந்தப் பக்கம் ஆமை வைத்தியர் இலவசமாகப் பார்ப்பார்."

குரங்கு சும்மா இருக்குமா? "எனக்கு வாரம் ஒரு பழம் போதும். சின்னக் காயத்தை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். பெரிய காயத்தை நான் பார்க்கிறேன்" என்றது.

கரடிக்கு மருந்து தெரியும், இனிக்கப் பேசத் தெரியாது. "எனக்குத் தினம் ஒரு பிடி தீனி வேண்டும். நீங்கள் விழுந்த இடத்துக்கே வருவேன். ஆனால் அடிபட்ட பிறகு வந்து சேர முடியாது" என்று முணுமுணுத்தது.

"தினம் ஒரு பிடியா? பகல் கொள்ளை!" என்று சொல்லிவிட்டு, புள்ளிமான் துள்ளிப்போய் நரியிடம் சேர்ந்தது. மற்ற விலங்குகளும் பின்னாலேயே போயின.

மரங்கொத்தி மட்டும் அவசரப்படவில்லை. மூவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டது. "நாளைக்கே என் அலகு உடைந்து, நகர முடியாமல் நான் கிடந்தால் என்ன செய்வீர்கள்?"

"அது பெரிய காயமா, சின்னக் காயமா என்று பார்க்க வேண்டும்" என்றது குரங்கு.

"யார் பார்ப்பது?"

"நான்தான்."

மரங்கொத்தி நரியிடம் போனது.

"வைத்தியரிடம் போனால் சரியாகிவிடும் தம்பி" என்றது நரி.

"போக முடியாமல் கிடந்தால், அண்ணே?"

"நல்ல நேரத்தில் ஏன் இப்படி அபசகுனமாகப் பேசுகிறாய்?"

கரடி அதன் அலகை உற்றுப் பார்த்தது. "பிசின் வைத்துக் கட்டுவேன். ஒட்டும்வரை புழுவை நசுக்கி ஊட்டுவேன். முன்போலவே ஆகும் என்று மட்டும் சத்தியம் செய்ய மாட்டேன்."

மரங்கொத்தி கரடியிடமே சேர்ந்தது. தன் வயிற்றுக்கும் புழு கொத்தி, கரடிக்கும் தினம் ஒரு பிடி கொத்திக் கொடுத்தது. "கல்லு மாதிரி இருப்பவனுக்கு மருந்து எதற்கு?" என்று மான் தினமும் கேலி செய்தது. சில நாள் மரங்கொத்திக்கே மனசு தளர்ந்தது. ஆனாலும் அது நிறுத்தவில்லை.

கோடை முடியும் நேரம். வேடன் எப்போதோ மரத்தில் அடித்துவிட்டுப்போன ஆணி பட்டைக்குள் மறைந்திருந்தது. மரங்கொத்தி அதன்மேல் ஓங்கிக் கொத்தியது. அலகு விரிசல் விட்டது. வலியில் கிளையிலேயே சுருண்டுகொண்டது.

அதைப் பார்த்த ஓர் அணில் கரடியிடம் ஓடிப்போய்ச் சொன்னது. கரடி உடனே மூச்சிரைக்க மரம் ஏறி வந்தது. சொன்னபடியே பிசின் வைத்துக் கட்டியது, தினமும் வந்து ஊட்டியது.

மழை வந்ததும் மானின் குளம்பில் கருவேல முள் ஆழமாக இறங்கியது. கால் வீங்கிப்போக, மான் நரியைக் கூப்பிட்டது.

"வைத்தியர் தயாராக இருக்கிறார். குன்றேறி வா" என்றது நரி.

"மூன்று காலில் எப்படி ஏறுவேன்? அவரை இங்கே கூட்டி வாயேன்."

"அப்படி நான் எப்போது சொன்னேன்?" என்றபடி நரி நழுவிவிட்டது.

மான் புதருக்குள் ஒளிந்து கிடந்தது. பக்கத்து ஓடையில் சிறுத்தையின் புதிய காலடித் தடம் இருந்தது. இனி ஓட முடியாது என்று அது அழுதது.

அப்போது தலைக்கு மேலே, "டொக்! டொக்! டொக்!" என்று கேட்டது. காடே நிமிர்ந்து பார்த்தது. அலகு தேறிவிட்டது!

மரங்கொத்தி கீழே இறங்கி வந்தது. "காலைக் காட்டு" என்றது. முள்ளை அடியோடு பற்றி ஒரே இழுப்பில் பிடுங்கிப் போட்டது.

"உன்னைப் போய்க் கேலி செய்தேனே" என்று மான் தலை குனிந்தது.

"முதலில் காலை ஊன்றிப் பார்" என்று சிரித்தது மரங்கொத்தி.

மறுநாள் கரடியின் குகை வாசலில் பெரிய வரிசை நின்றது. இனி வரும் காயத்துக்காவது முன்கூட்டியே சேர்ந்துகொள்ள, மான் நொண்டி நொண்டி வந்து முன்னால் நின்றது. நரி மட்டும் பாறைமேல் அழுகிய நாவல்பழங்களோடு உட்கார்ந்திருந்தது.

விலை மலிவா என்று மட்டும் பார்க்காமல், நமக்கு வரக்கூடிய ஆபத்தில் எது நம் இடம் தேடி வந்து உதவும் என்று கேட்டு, ஒப்பிட்டு, நல்ல நாளிலேயே சேர்ந்துகொள்ளும் காப்பே நம்மைக் காப்பாற்றும்.