கல் நட்ட கை

நாலு வழிச் சாலைக்கு வீடுகளை எடுக்கப் போகிறார்கள் என்றதும் அரிசி மில் கனகவேல் அண்ணாச்சி ஒரு காரியம் செய்தார். ஊரே கோயில் கொடை விழாவில் கிடந்த ஒரு மத்தியானம், தன் வாசலில் சர்க்கார் நட்டிருந்த மஞ்சள் எல்லைக்கல்லைப் பிடுங்கி, எதிர்வீட்டில் முறுக்கு சுட்டு விற்கும் மாடத்தியின் வாசலில் நட்டுவிட்டார். போனால் அவள் வீடு போகட்டுமே!

அப்புறம்தான் சேதி வந்தது. வீடு போகிறவர்களுக்கு இரண்டு மடங்கு விலையாம், கூடவே மனையுமாம். அண்ணாச்சிக்கு வயிறு எரிந்தது. முறுக்கு வாசனை வந்தாலே எரிந்தது. சோறு இறங்கவில்லை. தாசில்தாரைக் கையோடு கூட்டி வந்துவிட்டார்.

"ஐயா, இந்தக் கல்லு என் வாசல்ல இருக்க வேண்டியது. யாரோ மாத்தி நட்டிருக்கான். இவளுக்கு ஒண்ணும் கொடுக்கக் கூடாது!"

மாடத்தி அடுப்பை விட்டு எழுந்து வந்தாள்.

"அண்ணாச்சி சொன்னா சரியாத்தான் இருக்கும் சாமி. ஊர்ல யாருக்கும் தெரியாதது அவுகளுக்கு மட்டும் தெரிஞ்சிருக்கே! சர்க்கார் கல்லைப் பிடுங்குனவனுக்கு என்ன தண்டனை சாமி?"

"ஜெயில்தான்" என்ற தாசில்தார், அண்ணாச்சி பக்கம் திரும்பினார். "மாத்தினது யாரு? உமக்கு எப்படித் தெரியும்?"

அண்ணாச்சி அவசரமாக இரண்டு கையையும் ஆட்டினார்.

"யாரும் மாத்தலைங்க! கல்லு நட்ட இடத்துலதான் இருக்கு. எனக்குத்தான் ஞாபகப் பிசகு."

"அதையே எழுதிக் கையெழுத்துப் போடும்."

போட்டார்.

மாடத்தி ஒரு தட்டு முறுக்கை நீட்டினாள். "புது வீட்டுக்கும் நீங்களே வந்து கல்லு நட்டுத் தாங்க அண்ணாச்சி. உங்க கை ராசியான கை."